கேருபீன் பெட்டி

மணப்பெண் அலங்காரத்தில் ரூத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வலது கண்ணை முழுசாக முடித்துவிட்டுத்தான் இடது கண்ணைத் தொடுவாள். ஐ ஷேடோ, லைனர், ஒட்டு இமை, மஸ்காரா எல்லாம் வலப்பக்கம் முடிந்ததும் பெண்ணிடம் கண்ணாடியைக் காட்டுவாள். ஒரு கண் சினிமாக்காரி கண்ணாகவும் மற்றது ராத்தூக்கம் கெட்ட கண்ணாகவும் தெரியும்போது எந்தப் பெண்ணும் குறை சொல்ல வாயைத் திறக்கமாட்டாள். சீக்கிரம் இதையும் போடுங்கக்கா என்றுதான் கெஞ்சுவாள். பத்தொன்பது வருஷத் தொழிலில் ரூத் தானாகக் கற்றுக்கொண்ட தந்திரம் இது.

அன்று காலை ஏழரை மணிக்கு சுஜாதா அப்படித்தான் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் கல்யாணம். ஒன்பது மணிக்கு முகூர்த்தம். சுஜாதா நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள். கருங்குழியிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்தில் நிலமும் நெல் அறுவடை மெஷினும் வைத்திருக்கும் சுப்பிரமணியின் ஒரே மகள். ரூத்தும் அதே கிராமம்தான், ஆனால் ஏரிக்கு அந்தப்பக்கம், காலனி. கல்யாணமாகிக் கருங்குழிக்கு வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் செல்போன் கடை மாடியில் பார்லர் வைத்திருக்கிறாள். சுஜாதா அவளை ஊர்க்காரி என்று தேடிப் பிடிக்கவில்லை. போனில் ரீல்ஸ் பார்த்துப் பிடித்தாள். பெட்டியோட வாங்கக்கா, போட்டோவுக்கு வேணும் என்பதுதான் அவள் சொன்ன முதல் கண்டிஷன்.

அந்தப் பெட்டிக்கு அவ்வளவு பேர். ஒன்றரை அடி அகலம், ஏறக்குறைய அதே உயரம். கருப்பும் சிவப்பும் கலந்த மரம். இரும்பு மாதிரி கனக்கும். மூடியைத் தூக்கினால் உள்ளே படுத்திருக்கும் கண்ணாடி எழுந்து சாய்ந்து நிற்கும். முன்பக்கம் இரண்டு குட்டிக் கதவுகள், திறந்தால் அஞ்சு இழுப்பறைகள். மூலைக்கு மூலை பித்தளைக் கட்டு, பூட்டு பட்டாம்பூச்சி வடிவத்தில். இழுப்பறை ஓரமெல்லாம் பூங்கிளை, மொக்கு, பழம். கதவில் நாலு மூலைக்கு நாலும் கண்ணாடிச் சட்டத்தின் உச்சியில் ஒன்றுமாக, இறக்கை விரித்த அஞ்சு உருவங்கள். அந்த அஞ்சுக்கும் தங்கப் பெயின்ட்.

அவை கேருபீன்கள், பைபிளில் வரும் தேவதூதர்கள். ரூத் அப்படித்தான் வளர்ந்தாள். அவளுடைய அப்பா ஞானதாஸ் இருபது வயசில் ஊருக்குள் பண்ணை வேலை செய்தபோது, ஒரு பெரிய வீட்டில் எதையோ பார்த்துப் பயந்து இந்தப் பெட்டியை எரிக்கக் கொடுத்துவிட்டார்களாம். ஏரிக்கரையில் தீ வைத்தாயிற்று. பின்பக்கப் பலகை பற்றிக்கொண்டது. ஞானதாஸுக்கு மனசு கேட்கவில்லை, அணைத்துவிட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தார். கரியைத் துடைத்தபோது இறக்கைகள் தெரிந்தன. ஞாயிறு பள்ளிக்கூடத்தில் கேட்ட உடன்படிக்கைப் பெட்டியும் அதன்மேல் இறக்கை விரித்த தங்கக் கேருபீன்களும் கண்முன்னால் வந்து நின்றால் மனுஷன் என்ன செய்வான்? மதுராந்தகம் போய்த் தங்கப் பெயின்ட் வாங்கி வந்தார். காலனியே திரண்டு வந்து பார்த்தது.

அதிலிருந்து காலனியில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் நாள் பெட்டி அந்த வீட்டுக்குப் போகும். கிறிஸ்தவர் வீடு, அம்மன் கும்பிடுகிற வீடு என்ற பேதமில்லை. பெண் அதன் முன்னால் உட்கார்ந்துதான் பவுடர் போட்டுக்கொள்ள வேண்டும். பெட்டியோடு கூடவே போய்ப் போய்த்தான் ரூத்துக்கு இந்தத் தொழிலே ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டுப் பெட்டி என்று அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அப்பா வாயைத் திறந்ததில்லை. சுப்பிரமணி வீட்டுக் கல்யாணத்துக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று சொன்னபோது மட்டும், பொட்டி வேணாம்மா, கனம், என்றார். இவளுக்கு என்றைக்கு அவர் பேச்சுக் காதில் ஏறியிருக்கிறது?

முகூர்த்தப் புடவையைக் கொடுக்க மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆனந்தன் வந்தார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்கிற கடை வைத்திருப்பவர். புடவையைப் பெண்ணின் அம்மா ஜோதிலட்சுமியிடம் கொடுத்தவர், திரும்பும்போது பெட்டியைப் பார்த்துவிட்டார். அப்புறம் அவர் கல்யாண வீட்டுக்கு வந்த ஆளாக இல்லை. பட்டு வேட்டியோடு தரையில் மண்டியிட்டார். இழுப்பறையை இழுத்தார், முகர்ந்தார், விரல் முட்டியால் தட்டினார்.

சீனாக்காரன் வேலை என்றார். நூறு நூற்றைம்பது வருஷமாவது இருக்குமாம். அங்கே வசதியான வீட்டுப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பார்களாம். மரத்தை மரத்தோடு கோத்திருக்கிறான், ஒரு ஆணி காட்டுங்கள் பார்க்கலாம் என்று ஜோதிலட்சுமியிடம் சவால் விட்டார். அந்த அம்மாளுக்குப் புடவையில் ஜரிகை சரியாக இருக்கிறதா என்ற கவலை. கடைசியில் ஆனந்தன் தங்கப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டி, முகம் சுளித்து, இந்தப் பாவத்தைச் செய்தது யார் என்று கேட்டார்.

எங்கப்பாதான், கேருபீனுக்குத் தங்கம்தானே பூசணும் என்றாள் ரூத்.

ஆனந்தன் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. “கேருபீனா? அம்மா, நல்லா பாரும்மா. வௌவாலு.”

ரூத் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த பெட்டியை அன்றைக்குத்தான் பார்த்தாள். கூரான காது. சப்பை மூக்கு. இறக்கை நுனியில் கொக்கி. சின்ன வயசில் தூங்கப்போகுமுன் அவள் முத்தம் கொடுத்த அஞ்சு முகங்களும் வௌவால் முகங்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. காலனி மொத்தத்துக்காகவும் வெட்கமாக இருந்தது. சிரித்துக்கொண்டிருந்த ஆளின் மேல் கோபமும் வந்தது.

ஆனால் ஆனந்தன் கேலிக்காரர் இல்லை, பாவம். சீனர்களுக்கு வௌவால் அதிர்ஷ்டம் என்று விளக்கினார். அஞ்சு வௌவால் சேர்ந்தால் அஞ்சு பாக்கியம். ஆயுசு, செல்வம், ஆரோக்கியம், நல்ல குணம், கடைசியில் நிம்மதியான சாவு. கல்யாணப் பெண்ணுக்கு இதைவிட நல்ல சகுனம் கிடையாது என்றார்.

புடவை கொடுக்க வந்த சம்பந்தி இன்னும் திரும்பவில்லையே என்று சுப்பிரமணி தேடிக்கொண்டு வந்தது அப்போதுதான். அறுபத்துநாலு வயசு, நல்ல உயரம், கழுத்தில் புதுத் துண்டு. பெட்டியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இது எங்க தாத்தா ரங்கூன்லருந்து கொண்டாந்தது,” என்றார். “எங்க வூட்டுப் பொட்டி.”

ஆனந்தனின் முகத்தில் மரியாதை ஏறியது. அப்பேர்ப்பட்ட குடும்பமா உங்களுடையது என்றார். சுப்பிரமணிக்குக் கழுத்து இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. அத்தோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் பழைய சாமான்காரருக்கு ஒரு சாமான் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. இவ்வளவு பெரிய பொருளை எப்படி விட்டீர்கள் என்று கேட்டார்.

சுப்பிரமணி தொண்டையைச் செருமினார். “காணாமப் பூட்ச்சி. அந்தக் காலத்துல வூட்டு வேலைக்கு ஆளுங்க வந்துகினு போய்கினு இருப்பாங்க. யாரு எடுத்தாங்கன்னு நாம இன்னாத்த கண்டோம்.”

சொல்லிவிட்டு ரூத்தைப் பார்த்தார். அவள் யார் மகள் என்று அவருக்குத் தெரியும். அறையில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பார்வை போய்ச் சேர்ந்தது. போகட்டும், கிடைத்துவிட்டதே, மேடையில் வைத்துவிடலாம், அப்புறம் பெண்ணோடு அனுப்பிவிடலாம் என்று பெட்டியின் மேல் கையை வைத்தார்.

“கைய எடுங்க சார்,” என்றாள் ரூத்.

அவள் அப்பா அந்த வீட்டு ஆட்களை ஐயா என்பார். இவள் சார் என்பாள். அதற்கே சுப்பிரமணிக்குப் பிடிக்காது. இப்போது கையை வேறு எடுக்கச் சொல்கிறாள்.

“எங்கப்பா திருடல. எரிக்கச் சொல்லிக் குடுத்தீங்க. எரியறதுலருந்து எடுத்துகினு வந்தாரு.”

யார் எரிக்கச் சொன்னது, ரங்கூன் சாமானை எந்த மடையன் எரிப்பான் என்றார் சுப்பிரமணி. ஜோதிலட்சுமி புடவை மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் உயிரோடு இருந்தபோது சொன்ன ஏதோ ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், தலையே நிமிரவில்லை. வேண்டுமானால் ஞானதாஸையே கேட்போம், போன் போடு என்றார் சுப்பிரமணி. அவருக்கு ஞானதாஸைத் தெரியும். அந்த நம்பிக்கை.

ரூத் ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். ஞானதாஸ் இருமிவிட்டுப் பேசினார்.

“ஆமாங்கையா. அது ஒங்க வூட்டுப் பொட்டிதாங்க.”

கேட்டாயா என்பதுபோல் சுப்பிரமணி கையை விரித்தார். ரூத் விடவில்லை. எரிக்கச் சொன்னது யாரு நைனா என்று கேட்டாள். கல்யாண வீட்டில் அதையெல்லாம் கிளறாதே என்றார் அவர். மறுபடியும் கேட்டாள்.

“வுடும்மா ரூத்து. குடுத்துட்டு வந்துடு.”

சுப்பிரமணி சொன்ன பொய்யைவிட இது அவளுக்கு அதிகமாக வலித்தது. போனுக்குள் கையை விட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அணைக்கத் துணிந்த ஆள், தூக்கி வரத் துணிந்த ஆள், அதைச் சொல்ல மட்டும் துணியவில்லை. லைனைத் துண்டிக்காமல் போனைக் கட்டில்மேல் வைத்தாள். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, பின்பக்கம் எல்லோருக்கும் தெரியும்படி திருப்பினாள்.

பின்பலகையில் ஒரு சோற்றுத் தட்டு அளவுக்கு மரம் வெந்து குழிந்திருந்தது. எத்தனை பாலிஷ் போட்டும் போகாத கருப்பு. ஆனந்தன் மறுபடி மண்டியிட்டு விரலை வைத்துப் பார்த்தார். இது சிம்னி விளக்குப் பட்ட காயம் இல்லை, எண்ணெய் ஊற்றி வைத்த தீ என்றார். அவர் யாருக்கும் பரிந்து பேசவில்லை, சாமானைப் பார்த்துச் சொன்னார்.

ரூத்துக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் எதைப் பார்த்துப் பயந்தார்கள் என்று அப்பாவுக்கே தெரியாது. வௌவால் அடைந்தால் வீடு பாழாகும் என்பது ஊர் நம்பிக்கை, இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“இந்த வௌவாலப் பாத்துத்தான சார் பயந்தீங்க? அன்னிக்கு வூட்டுல இருந்தா ஆவாது. இன்னிக்கு மேடைல வெக்கணுமா?”

சம்பந்தி எதிரில் இப்படி ஒரு கேள்வி. சுப்பிரமணியின் காது சிவந்தது. பஞ்சாயத்துப் பேசிப் பழகிய மனுஷன், உடனே வேறு வழி பிடித்தார். குரலைத் தாழ்த்தினார்.

“சரிம்மா. எரிச்சாங்களோ இன்னா எழவோ, பழங்கத. இப்ப சொல்றேன், இந்தப் பொட்டிய நானே ஒனக்குக் குடுத்துட்டேன். எம்பொண்ணு கல்யாணத்துல சந்தோஷமாக் குடுக்கறேன். எடுத்துகினு போ. போதுமா?”

அறைக்கு மூச்சு வந்தது. பெரிய மனசு என்றார் ஆனந்தன். ஜோதிலட்சுமி முதல்முறையாக நிமிர்ந்து, அப்புறம் என்னம்மா, அந்தக் கண்ணைப் போடு என்றாள். எல்லோரும் ரூத்தின் நன்றிக்காகக் காத்திருந்தார்கள்.

“வேணாம் சார்.”

“இன்னா வேணாம்?”

“நீங்க குடுக்க வேணாம். நீங்க இன்னிக்குக் குடுத்தா இன்னிலருந்து அது என்னுது. அப்ப நேத்து வரைக்கும் எங்கப்பா திருடன்னுதான் ஆவுது. நாப்பத்தாறு வருஷம். பொட்டிய நான் எடுத்துகினுதான் போவேன். நீங்க குடுத்தீங்கன்னு எடுத்துகினு போவ மாட்டேன்.”

திமிர் என்று சுப்பிரமணி முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. ஆமாம், திமிர்தான். ரூத்தே அதை மறுக்கமாட்டாள். கொஞ்சம் திமிர் அவள் அப்பாவுக்கும் இருந்திருந்தால் அவளுக்கு இந்தக் காலை வேளையில் இத்தனை பேச வேண்டியிருந்திருக்காது.

ஜோதிலட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. பெண்ணை ஒற்றைக் கண்ணோடு விட்டுவிட்டுப் போய்விடாதேம்மா என்று ரூத்தின் கையைப் பிடித்தாள். உங்கள் பெண் முகத்தை வைத்து நான் பேரம் பேசமாட்டேன், அந்தப் புத்தி எங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு ரூத் பெட்டியை மறுபடி நேராகத் திருப்பி வைத்தாள். பிரஷ்ஷை எடுத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, இடது கண்ணை வலது கண்ணுக்கு ஒரு முடி பிசகாமல் முடித்தாள். புருவத்தைத் திருத்தினாள். பொட்டு வைத்தாள். பிறகு இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடத் தொடங்கினாள்.

வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. பெண்ணை அழைத்து வரச் சொல்லி ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

சுஜாதா எழுந்திருக்கவில்லை.

இவ்வளவு நேரம் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. முகத்தில் வேலை நடந்தால் பேசக்கூடாது என்று ரூத்தே சொல்லி வைத்திருந்தாள். இப்போது கண்ணாடியிலேயே அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

“அப்பா, அந்தப் பெட்டிய யாரு எரிச்சது?”

நேரமாகிறது எழுந்திரு என்றார் சுப்பிரமணி. அவள் அதே கேள்வியை அதே குரலில் திரும்பக் கேட்டாள். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். சொன்னால்தான் எழுந்திருப்பேன் என்றாள். ஜோதிலட்சுமி மகளின் தோளைத் தொட்டாள், அவள் தோளைக் குலுக்கி விலக்கினாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்னால், தான் பெற்ற பெண், ரூத்தின் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். சுப்பிரமணி ஆனந்தனைப் பார்த்தார். இந்த மனுஷன் கொஞ்சம் வெளியே போகமாட்டானா என்பதுதான் அந்தப் பார்வை. ஆனந்தன் நகரவில்லை. பழைய சாமான் எந்தக் கையிலிருந்து வந்தது என்று தெரியாமல் அவரால் நகர முடியாது.

சுப்பிரமணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கடைசியில் பேசியபோது மகளைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துத்தான் பேசினார்.

“எங்க அக்காவுக்கு வர்ற வரனெல்லாம் தட்டிகினே போச்சு. குறிகாரன் வந்து பாத்தான். வௌவாலு கீதுடா இந்த வூட்டுல, பாழாப் பூடும்னான். வூடு பூரா தேடிட்டு, இந்தப் பொட்டில கண்டோம். எரிக்கணும்னு ஞானதாசுகிட்ட குடுத்து ஏரிக்கரைக்குத் தூக்கியாரச் சொன்னோம். கெரசின் ஊத்துனது நான்தான். நெருப்பு வெச்சதும் நான்தான். அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. பத்திக்கிச்சுன்னதும் திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஞானதாசு திருடல. அது அவம்பொட்டி.”

சம்பந்தியின் முட்டாள்தனத்தைப் பற்றி ஆனந்தன் என்ன நினைத்தாரோ, முகத்தில் காட்டிக்கொள்ளாத அளவுக்குப் பெருந்தன்மை இருந்தது.

ரூத் கட்டிலிலிருந்து போனை எடுத்தாள். “நைனா, கேட்டுச்சா?”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள், இருந்தது.

“கேட்டுச்சு,” என்றார் ஞானதாஸ். அப்புறம் மகளை விட்டுவிட்டு சுப்பிரமணியிடமே பேசினார். “மண்ண அள்ளிப் போட்டேன், அணையல. வெறுங்கையால அடிச்சி அணைச்சேன், சுப்பிரமணி. ரெண்டு உள்ளங்கையும் கொப்பளிச்சிப் போச்சு. மறுநாள் ஒங்க வூட்டு நாத்து புடுங்க அந்தக் கையோடதான் வந்தேன். இன்னாடா கையிலன்னு நீ ஒரு வார்த்த கேக்கல.”